பேரரசின் வரலாற்றை எழுதப் போனவர்கள்

1968 அக்டோபர் 15. கனடாவின் மொன்றியல் நகரில் ஒரு மாநாட்டை முடித்துக்கொண்டு கிங்ஸ்டன் வந்து சேர்ந்த வால்டர் ராட்னியை, ஜமைக்கா அரசு விமானத்தை விட்டு இறங்கவே விடவில்லை. கருவுற்றிருந்த மனைவியும் சிறு மகனும் ஊருக்குள் காத்திருந்தார்கள். அவர் வேலை பார்த்த மேற்கிந்தியப் பல்கலைக்கழகமும் அதே ஊரில்தான் இருந்தது. ராட்னிக்கு அப்போது 26 வயது. ஆப்பிரிக்க வரலாறு நடத்தும் விரிவுரையாளர். வந்த வழியே அவரைத் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் மாணவர்கள் ஊர்வலமாகக் கிளம்பினார்கள், நகரத்து ஏழைகளும் சேர்ந்துகொண்டார்கள், கிங்ஸ்டன் பற்றியெரிந்தது. ‘ராட்னி கலவரம்’ என்ற பெயரிலேயே அந்த நாள் இன்றுவரை நினைக்கப்படுகிறது.

வகுப்பறையில் பாடம் நடத்துகிற ஒருவரைக் கண்டு ஓர் அரசு ஏன் இவ்வளவு கலங்க வேண்டும்?

காலனியப் பேரரசுகளை ஆராய்ந்தவர்களின் பணிவாழ்க்கையை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். இந்தத் துறையில் ஒருவரின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் புலமை மட்டும் தீர்மானித்ததில்லை. பேராசிரியர் இருக்கைக்குப் பணம் கொடுத்தவர் யார், கோப்புகள் யார் கைவசம் இருக்கின்றன என்ற இரண்டும் கூடவே நின்று தீர்மானித்திருக்கின்றன. துறையைப் புரட்டிப்போட்ட நூல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு பிடியிலிருந்தும் விலகி உழைத்தவர்கள் எழுதியவை. அதற்காக அவர்கள் கொடுத்த விலையோ ஊருக்கு ஊர் வேறுபட்டது.

வைரப் பணத்தில் வந்த இருக்கைகள்

பேரரசின் வரலாறு ஒரு தனிப் பாடமாகத் தலையெடுத்தது பேரரசு உச்சத்தில் இருந்தபோதுதான். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜான் ராபர்ட் சீலி 1883இல் ‘இங்கிலாந்தின் விரிவு’ என்ற நூலை வெளியிட்டார். இங்கிலாந்தின் உண்மையான வரலாற்றை நாடாளுமன்றச் சண்டைகளில் தேடக்கூடாது, கடல் கடந்து பரவியதில்தான் தேட வேண்டும் என்பது அவர் வாதம். அந்த நூல் 1956 வரை அச்சில் இருந்தது. சூயஸ் கால்வாய் விவகாரத்தில் பிரிட்டன் தலைகுனிந்ததும் அந்த ஆண்டில்தான்.

ஆக்ஸ்போர்டில் காலனிய வரலாற்றுக்கென 1905இல் ஓர் இருக்கை ஏற்பட்டது. அதற்குப் பணம் தந்தவர் ஆல்ஃபிரட் பைட், தென்னாப்பிரிக்காவின் வைரத்திலும் தங்கத்திலும் பெரும் செல்வம் சேர்த்தவர், சுரங்க அதிபர் செசில் ரோட்ஸின் கூட்டாளி. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 1919இல் வந்த பேரரசு வரலாற்று இருக்கை ரோட்ஸின் பெயரையே தாங்கியது. சுரங்கத்தில் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் வெட்டியெடுத்த செல்வம், அந்தச் சுரங்கங்கள் எப்படிக் கைக்கு வந்தன என்று எழுதுகிற பேராசிரியருக்குச் சம்பளமாயிற்று.

அந்த இருக்கைகளில் அமர்ந்தவர்கள் சிறியவர்கள் அல்லர். 1920 முதல் 1948 வரை பைட் பேராசிரியராக இருந்த ரெஜினால்ட் கூப்லாந்து ஆழ்ந்த படிப்பாளி. அதே நேரத்தில், 1936இல் பாலஸ்தீனச் சிக்கலை விசாரித்த பீல் குழுவில் அவர் ஓர் உறுப்பினர். 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழுவோடு இந்தியாவுக்கு வந்தவர். பேரரசை ஆராய்வதும் பேரரசுக்கு ஆலோசனை சொல்வதும் அன்று ஒரே ஆளின் இரண்டு கடமைகளாக இருந்தன. அடிமை முறை ஒழிந்த கதையை அவர் வில்பர்ஃபோர்ஸ் போன்ற அறவாளர்களின் மனசாட்சி வென்ற கதையாகச் சொன்னார். பிரிட்டனின் பள்ளிப் பிள்ளைகளும் அதன் காலனிகளின் பள்ளிப் பிள்ளைகளும் அதைத்தான் படித்தார்கள்.

டிரினிடாடிலிருந்து வந்த ஆய்வேடு

அப்படிப் படித்து வளர்ந்தவர்களில் ஒருவர் எரிக் வில்லியம்ஸ். 1911இல் டிரினிடாட் தீவின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பிறந்தவர். தீவு முழுவதற்குமான உதவித்தொகைப் போட்டியில் வென்று ஆக்ஸ்போர்டு போனார்; வரலாற்றில் முதல் வகுப்பு வாங்கினார். ஆல் சோல்ஸ் கல்லூரியின் ஆய்வாளர் இடம் மட்டும் கிடைக்கவில்லை. அதில் நிறமும் ஒரு காரணம் என்று அவர் கடைசிவரை நம்பினார். 1938இல் அவர் முடித்த முனைவர் ஆய்வேடு, அடிமை வணிக ஒழிப்பின் பொருளாதாரப் பக்கத்தை எடுத்துக்கொண்டது.

ஆய்வேட்டை விரித்து 1944இல் ‘முதலாளித்துவமும் அடிமை முறையும்’ என்ற நூலாக்கினார். நூலின் வாதங்கள் இரண்டு. கரும்புத் தோட்டமும் அடிமை வணிகமும் ஈட்டித் தந்த லாபம் பிரிட்டனின் தொழிற்புரட்சிக்கு முதலாக உதவியது என்பது ஒன்று. 1807இல் அடிமை வணிகமும் 1833இல் அடிமை முறையும் ஒழிக்கப்பட்டதற்கு, மேற்கிந்தியத் தோட்டங்களின் பொருளாதார மதிப்பு சரிந்ததே அடிப்படைக் காரணம் என்பது மற்றொன்று. பிரிட்டிஷ் மரபுக்கே இது எதிரானது என்று லண்டன் பதிப்பாளர் ஒருவர் கைவிரித்துவிட்டார். கடைசியில் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. அங்கும் செலவில் ஒரு பகுதியை நூலாசிரியரே ஏற்க வேண்டியிருந்தது. பிரிட்டனில் அந்த நூல் பதிப்பு கண்டது 1964இல்; அதற்குள் வில்லியம்ஸ் சுதந்திர டிரினிடாட்டின் பிரதமராகிவிட்டிருந்தார்.

வேலையும் அவருக்கு இங்கிலாந்தில் அமையவில்லை. வாஷிங்டனில் கறுப்பின மாணவர்களுக்காக உருவான ஹோவர்ட் பல்கலைக்கழகம்தான் அவருக்கு இடம் கொடுத்தது. பிறகு ஊர் திரும்பி, உட்ஃபோர்டு சதுக்கத்தில் திறந்த வெளியில் ஆயிரக்கணக்கானோர் முன் வரலாறு சொல்லத் தொடங்கினார். மக்கள் அந்தச் சதுக்கத்தையே பல்கலைக்கழகம் என்று அழைத்தார்கள்.

வில்லியம்ஸின் முடிவுகள் அப்படியே நிலைத்துவிடவில்லை. ஒழிப்பு நடந்த காலத்தில் தோட்டங்கள் லாபத்தில்தான் ஓடின என்று சீமோர் டிரெஷர் 1977இல் கணக்குகளோடு மறுத்தார். அந்த மறுப்புக்கு வலு உண்டு. ஆனாலும் வில்லியம்ஸ் எழுப்பிய கேள்வி துறையை விட்டு அகலவில்லை. அடிமைகளை விடுவிப்பதற்காகப் பிரிட்டிஷ் அரசு 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது. அந்தப் பணம் முழுவதும் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கே போயிற்று. விடுதலையான சுமார் 8 லட்சம் பேருக்கு ஒரு காசும் இல்லை. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் கேத்தரின் ஹால் தலைமையில் 2009இல் தொடங்கிய ஆய்வு, இழப்பீடு கேட்டு விண்ணப்பித்தவர்களைப் பெயர் பெயராகத் தேடி எடுத்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. அந்தப் பணம் எந்த வங்கிக்கு, எந்த ரயில் பாதைக்கு, எந்த மாளிகைக்குப் போனது என்று இன்று யாரும் தேடிப் பார்க்கலாம். வில்லியம்ஸ் தனியாளாகத் தொடங்கியதை ஒரு குழு 70 ஆண்டு கழித்துக் கையில் எடுத்தது.

மதிலுக்கு உள்ளே

இருக்கைகளில் அமர்ந்தவர்களிடமிருந்தும் பெரிய மாற்றங்கள் வந்தன. ஜான் கேலகரும் ரொனால்ட் ராபின்சனும் 1953இல் எழுதிய ஒரே ஒரு கட்டுரை, கொடி ஏற்றாமலேயே வணிகத்தின் வழியாக ஒரு நாட்டை ஆட்டிவைக்க முடியும் என்பதைக் காட்டியது. இருவருமே பின்னர் பைட் பேராசிரியர்களானார்கள். கேம்பிரிட்ஜில் சி. ஏ. பெய்லி 1996இல் எழுதிய ‘பேரரசும் தகவலும்’, கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் செய்தி கொண்டுவந்த இந்திய ஓட்டக்காரர்கள், எழுத்தர்கள், ஒற்றர்கள் ஆகியோரைத் தேடிப் போனது. கோப்பில் ஆங்கிலத்தில் இருப்பது ஆங்கிலேயன் மட்டுமே அறிந்ததல்ல என்பதை அது நிறுவியது.

ஆவணம் உள்ளூரில் தங்குவது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதற்குச் சென்னையே சாட்சி. மாகாண ஆவணங்கள் எழும்பூரில் 1909இல் எழுந்த கட்டடத்தில் தங்கின. அந்த மாகாணத்தின் விவசாயக் கூலிகளைப் பற்றித் தர்மா குமார் 1965இல் வெளியிட்ட நூல், நிலமற்ற கூலி உழைப்பு ஆங்கிலேயர் வருமுன்பே சாதியோடு பிணைந்து இங்கே இருந்தது என்று காட்டியது. காலனியத்தின் தலையில் எல்லாப் பழியையும் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாதபடி செய்த நூல் அது.

ராட்னி

வால்டர் ராட்னி 1942இல் பிரிட்டிஷ் கயானாவின் ஜார்ஜ்டவுனில் பிறந்தவர். மேற்கு ஆப்பிரிக்காவின் மேல் கினிக் கடற்கரை பற்றி லண்டனில் ஆய்வு செய்து 24 வயதில் முனைவரானவர். அந்தக் கடற்கரைக்கு முதலில் வந்த ஐரோப்பியர் போர்த்துக்கீசியர். அவர்களின் கோப்புகளை நேரடியாகப் படிக்க மொழி கற்றுக்கொண்டு லிஸ்பன் காப்பகங்களுக்குப் போனார். அந்த ஆய்வேட்டை 1970இல் ஆக்ஸ்போர்டு பதிப்பகம் வெளியிட்டது. மரபான கல்விப் பாதையில் அவருக்கு எந்தத் தடையும் இருந்திருக்காது.

அவர் அந்தப் பாதையோடு நிற்கவில்லை. கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில், ஆப்பிரிக்காவைத் தாயகமாகப் போற்றும் ராஸ்தஃபாரி சமயத்தாரோடு தரையில் உட்கார்ந்து ஆப்பிரிக்காவின் அரசுகளைப் பற்றியும் நகரங்களைப் பற்றியும் பேசினார். தங்கள் முன்னோருக்கு வரலாறே கிடையாது என்று பள்ளியில் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஜமைக்கா அரசு அஞ்சியது இந்தப் பேச்சுக்குத்தான். தடைக்குப் பின் தான்சானியாவின் தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது எழுதிய ‘ஐரோப்பா ஆப்பிரிக்காவை எப்படிப் பின்தங்க வைத்தது’ 1972இல் வெளிவந்தது. லண்டனில் கயானாவைச் சேர்ந்த ஹன்ட்லி தம்பதியர் நடத்திய சிறு பதிப்பகமும் தான்சானியப் பதிப்பகமும் சேர்ந்து அதைக் கொண்டுவந்தன.

1974இல் கயானா பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியது. அரசின் தலையீட்டால் அந்த நியமனம் ரத்தானது. வெளிநாட்டில் வேலை தேடிப் போயிருக்கலாம். போகாமல் ஊரிலேயே தங்கி, அரசியல் கூட்டங்களுக்கு நடுவே காப்பகத்தில் உட்கார்ந்து, கயானாவின் உழைக்கும் மக்களைப் பற்றி எழுதினார். 1838 முதல் கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்ட இந்திய ஒப்பந்தக் கூலிகளும் அதில் இடம்பெற்றார்கள். கல்கத்தாவோடு மதராஸ் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. அவற்றில் போனவர்கள் நட்ட மாரியம்மன் வழிபாடு இன்றும் கயானாவில் இருக்கிறது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்களின் கூலியைக் குறைக்கவே இந்தியர்கள் இறக்கப்பட்டார்கள். இரு இனங்களும் ஒன்றையொன்று பகைத்துக்கொண்டதில் லாபம் தோட்ட முதலாளிக்குத்தான் என்பதை ராட்னி தோட்டக் கணக்குகளையும் அரசு அறிக்கைகளையும் வைத்து எடுத்துக்காட்டினார்.

1980 ஜூன் 13 அன்று ஜார்ஜ்டவுனில் காருக்குள் வெடித்த குண்டு அவரைக் கொன்றது. வயது 38. அந்த நூல் அடுத்த ஆண்டு வெளியாகி, அமெரிக்க வரலாற்றுக் கழகத்தின் பரிசைப் பெற்றது. கயானா அரசு அமைத்த விசாரணை ஆணையம் 2016இல், கொலையில் அரசின் கை இருந்ததாக முடிவு சொன்னது.

எதிரியின் கோப்பை வாசிப்பது

கோப்பு முழுவதும் ஆட்சியாளர் எழுதியதாக இருக்கும்போது ஆளப்பட்டவரின் குரலை எங்கே தேடுவது? இதற்கு முறையான விடை தந்தவர் ரணஜித் குஹா. கிழக்கு வங்கத்தில் நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த உடைமைக்கு அடித்தளமான 1793ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரி ஏற்பாட்டையே தம் முதல் நூலின் பொருளாக்கினார். 1983இல் வந்த அவருடைய விவசாயிகள் கிளர்ச்சி பற்றிய நூல், மாவட்ட அதிகாரியின் அறிக்கையைத் தலைகீழாக வாசிக்கக் கற்றுக்கொடுத்தது. அதிகாரி ‘வெறிக் கும்பல்’ என்று எழுதும் இடத்தில், அந்தக் கும்பல் எந்த வீட்டை எரித்தது, எதைத் தொடாமல் விட்டது, எந்தப் பத்திரங்களைத் தேடிப் பிடித்துக் கிழித்தது என்று பார்த்தால் கிளர்ச்சிக்காரரின் சிந்தனை வெளிப்படும். அவர் 1982இல் தொடங்கிய ‘சபால்டர்ன் ஸ்டடீஸ்’ தொகுதிகள் இந்தியாவைத் தாண்டி லத்தீன் அமெரிக்கா வரை ஆய்வாளர்களை மாற்றின.

குஹாவின் முறைக்குக் கோப்பு இருந்தாக வேண்டும். கோப்பையே எரித்துவிட்டால்?

கென்யா: எரித்ததும் ஒளித்ததும்

1952இல் கென்யாவில் காலனி ஆட்சியை எதிர்த்த மௌ மௌ கிளர்ச்சியை ஒடுக்கப் பிரிட்டன் நெருக்கடி நிலையை அறிவித்தது. 1,090 பேர் தூக்கிலிடப்பட்டதை டேவிட் ஆண்டர்சன் நீதிமன்றப் பதிவுகளிலிருந்து நிறுவினார். தடுப்பு முகாம்களின் கதைதான் மங்கலாகக் கிடந்தது. ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த கரோலின் எல்கின்ஸ் அதைத் தேடி 1990களில் நைரோபி போனார். தடுத்து வைக்கப்பட்டதாக அரசு ஒப்புக்கொண்ட எண்ணிக்கையே 80,000. மூன்று துறைகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கோப்பு வைத்திருந்தன. ஆக, குறைந்தது 2,40,000 கோப்புகள் இருந்திருக்க வேண்டும். நைரோபியில் அவர் கண்டது சில நூறு.

அந்த இடைவெளி அவரைக் காப்பகத்துக்கு வெளியே கொண்டுபோயிற்று. கென்ய உதவியாளர் ஒருவரோடு மத்திய கென்யாவின் கிராமங்களுக்குப் போய், முகாம்களிலும் முள்வேலிக் கிராமங்களிலும் அடைபட்டிருந்த சுமார் 300 பேரிடம் வாய்மொழி வாக்குமூலம் வாங்கினார். 2005இல் நூல் வந்தது. மறு ஆண்டு புலிட்சர் பரிசும் வந்தது. கண்டனங்களும் கடுமையாக வந்தன. அவற்றில் ஒன்று நியாயமானது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு மத்திய கென்யாவின் கிக்கூயு இன மக்களில் 1,30,000 முதல் 3,00,000 வரையிலானோர் கணக்கில் வரவில்லை என்று அவர் எழுதியிருந்தார். மக்கள்தொகை ஆய்வாளர் ஜான் பிளாக்கர் 2007இல் அதைத் திருத்தி, மிகையான இறப்புகள் சுமார் 50,000 என்றும் அவற்றில் பாதி பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுடையவை என்றும் மதிப்பிட்டார். எண் குறைந்தது, கொடுமை குறையவில்லை. முதியவர்களின் நினைவை நம்பி எழுதியது வரலாறாகாது என்ற கண்டனம் வேறு வகை. அதற்கு விடை நீதிமன்றத்தில் கிடைத்தது.

2009இல் ஐந்து கென்ய முதியவர்கள் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். 1959 மார்ச்சில் ஹோலா முகாமில் கைதிகள் 11 பேர் அடித்தே கொல்லப்பட்டதும், மாசடைந்த நீர் குடித்து இறந்தார்கள் என்று அரசு முதலில் சொன்னதும் வரலாறு. அன்று அடிபட்டு நினைவிழந்து, பிணங்களோடு கிடத்தப்பட்ட ஒருவரும் வழக்குத் தொடுத்தவர்களில் இருந்தார். எல்கின்ஸ், ஆண்டர்சன், ஹியூ பென்னட் ஆகியோர் நிபுணர் சாட்சிகளானார்கள். இல்லவே இல்லை என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட கென்யக் கோப்புகள், 2011இல் ஹான்ஸ்லோப் பார்க் என்னும் வெளியுறவுத் துறை வளாகத்திலிருந்து வெளிவந்தன. சுமார் 300 பெட்டிகளில் ஏறக்குறைய 1,500 கோப்புகள். அவற்றோடு சேர்த்து 37 முன்னாள் காலனிகளின் சுமார் 8,800 கோப்புகள் அங்கே இருப்பதும் வெளிப்பட்டது.

அந்தக் கோப்புகளில் ஒன்று, கென்யாவின் தலைமைச் சட்ட அதிகாரி 1957இல் ஆளுநருக்கு எழுதியது. புதிதாக வரும் கைதிகளை அடித்துப் பணியவைப்பது எப்படி என்று அது விவரிக்கிறது: மண்ணீரல், கல்லீரல், சிறுநீரகம் இருக்கும் இடங்களில் அடி விழக்கூடாது. அந்த முதியவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை அரசின் சொந்தத் தாளே உறுதிப்படுத்தியது.

மற்றக் கோப்புகள் என்ன ஆயின என்பதற்கும் தாள் இருந்தது. அரசைச் சங்கடப்படுத்தக்கூடிய எதையும் புதிய அரசுகளிடம் ஒப்படைக்கக் கூடாது என்று 1961இல் காலனிகளின் அமைச்சர் இயன் மெக்லியாட் உத்தரவிட்டிருந்தார். அப்படிப்பட்ட கோப்புகளைத் தனியே குறியிட்டுப் பிரித்தார்கள். ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த பிரிட்டிஷ் அதிகாரி மட்டுமே அவற்றைத் தொடலாம். எரித்தால் சாம்பலையும் பொடியாக்க வேண்டும். கடலில் போட்டால் பெட்டியில் எடை கட்டி, கரையிலிருந்து தள்ளி நீரோட்டம் இல்லாத ஆழத்தில் போட வேண்டும்.

2013 ஜூன் 6 அன்று வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக் நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்தார். 5,228 பேருக்காக 1.99 கோடி பவுண்டில் சமரசம் அறிவிக்கப்பட்டது. எல்கின்ஸ் ஏற்கெனவே ஹார்வர்டின் நிரந்தரப் பேராசிரியராகியிருந்தார்.

இதே மௌ மௌ வரலாற்றைக் கென்யாவிலிருந்தே ஆராய்ந்தவர் மைனா வா கின்யாட்டி. போராளிகளின் பாடல்களையும் கடிதங்களையும் தேடித் தொகுத்தவர். 1982இல் சுதந்திரக் கென்யாவின் அரசு அவரைக் கைது செய்து ஆறாண்டுகளுக்கு மேல் சிறையில் வைத்தது. மௌ மௌ இயக்கத்தின் மீது காலனி அரசு போட்ட தடையை 2003 வரை கென்யா நீக்கவில்லை. எல்கின்ஸின் துணிவைக் குறைத்துப் பேச இதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே உண்மையைத் தேடியதற்கு ஹார்வர்டில் ஒருவருக்குப் பரிசும் நைரோபியில் ஒருவருக்குச் சிறையும் கிடைத்ததை இந்தத் துறை தன் சொந்த வரலாறாக எழுதிவைக்க வேண்டும்.

இன்னும் முடியாத வேலை

நீதிமன்றக் கதவு இப்போது ஏறக்குறைய மூடிவிட்டது. 1948இல் மலாயாவின் பத்தாங் காலியில் பிரிட்டிஷ் வீரர்கள் கிராமத்தவர் 24 பேரைக் கொன்றதற்கு விசாரணை கேட்ட குடும்பங்களுக்கு 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மறுப்பு சொன்னது. கென்யாவிலிருந்து 40,000க்கும் மேற்பட்டோர் தொடுத்த அடுத்த வழக்கு 2018இல் தள்ளுபடியானது. இரண்டிலும் காலம் கடந்துவிட்டதே முக்கியத் தடையாக நின்றது. அந்த மனிதர்களின் வாக்குமூலத்துக்கு இனி இடம் கொடுக்க வேண்டியவர்கள் வரலாற்றாளர்கள்தான்.

ஹான்ஸ்லோப் கோப்புகள் இன்று லண்டனின் கியூ பகுதியில், தேசியக் காப்பகத்தில் இருக்கின்றன. மலாயாவின் கோப்புகளும் இலங்கையின் கோப்புகளும் அந்தத் தொகுப்பில் உண்டு. ரப்பர் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அவற்றில் தேட வேண்டியது இருக்கிறது. ஆனால் நைரோபியிலோ கோலாலம்பூரிலோ கொழும்பிலோ ஆய்வு செய்யும் ஒரு மாணவர் அவற்றைப் படிக்க விசாவுக்கு விண்ணப்பித்து, விமானக் கட்டணம் கட்டி, லண்டன் வாடகையில் மாதக்கணக்கில் தங்க வேண்டும். அதற்கான நிதி பெரும்பாலும் பைட், ரோட்ஸ் பெயர்கள் நிலைத்திருக்கும் பல்கலைக்கழகங்களிடம்தான் இருக்கிறது.

கோப்புகளை எடுத்துவந்தது பிரிட்டிஷ் அரசு. மூலத்தைத் திருப்பித் தருவதும், அதுவரை ஒவ்வொரு தாளையும் படமெடுத்துக் கட்டணமின்றி இணையத்தில் வைப்பதும் அந்த அரசின் கடமை. பழைய இருக்கைகளை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் தங்கள் நிதியில் ஒரு பங்கை அந்தந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களிலேயே முனைவர் ஆய்வுக்கு ஒதுக்கலாம். முகாமில் இருந்தவர்களில் உயிரோடு இருப்பவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்கிற வேலை மத்திய கென்யாவின் கிராமங்களில் இந்த ஆண்டே நடந்தாக வேண்டும்.